மறியலுக்குப் போறவரின்ரை மருந்து அறாமல் இருக்க என்ன செய்யலாம்?

வாசிகசாலைப்பொறுப்பு எழுதியது:

வணக்கம். எங்கடை சனசமூக நிலையத்திலை சனிக்கிழமைகளிலை ஒரு உதவி மேசை போடுறம். விளக்கமறியலிலை இருக்கிற ஆக்களின்ரை தாய்மாரும் மனைவிமாரும்தான் கூட வருகினம். வழக்குப் பற்றிக் கேட்கிறதை விட மருந்து பற்றித்தான் கேட்கினம். சீனி வருத்தக்காரர், வலிப்புக்காரர், தெல்லிப்பழை மனநலக் கிளினிக்கிலை மாதாமாதம் ஊசி போடுற ஆக்கள் எண்டு எல்லா வகையும் இருக்கு.

ஒரு பக்கத்துண்டு அச்சடிச்சுக் குடுக்க யோசிக்கிறம். பொலிஸ் கூட்டிக்கொண்டு போன முதல் நாள் வீட்டாக்கள் என்ன செய்ய வேணும், மருந்தை உள்ளை அனுப்புற சரியான வழி என்ன, வெளியிலை வந்தாப்பிறகு எதைக் கவனிக்க வேணும்? இந்த வேலையிலை இருக்கிற ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ. பிழையான தகவலை அச்சடிச்சுப்போட்டுப் பிறகு திருத்தேலாது.

---

குளிசைக்கணக்கு எழுதியது:

நோயின்படி துண்டை எழுதாதேங்கோ தம்பி, கைமாறுற இடத்தின்படி எழுதுங்கோ. வீட்டிலையிருந்து பொலிஸ், பொலிஸிலையிருந்து கோடு (நீதிமன்றம்), கோட்டிலையிருந்து மறியல் (சிறை), மறியலிலையிருந்து திரும்ப வீடு. மருந்து கூடுதலா அறுகிறது இந்த நாலு இடத்திலைதான். ஆள் போயிடும், தகவல் பின்னாலை நிண்டுடும்.

முதல் வேலை கிளினிக் கொப்பி. ஒறிஜினலை ஒருத்தரிட்டையும் குடுக்க வேண்டாம். மருந்து எழுதியிருக்கிற கடைசிப் பக்கங்களைப் போட்டோக்கொப்பி 4 எடுங்கோ. ஒண்டு பொலிஸுக்கு, ஒண்டு சட்டத்தரணிக்கு, ஒண்டு மறியல் மருத்துவ அதிகாரிக்கு, ஒண்டு வீட்டிலை. ஒவ்வொண்டோடையும் ஒரு தாள் சேர்த்துக் குத்துங்கோ: பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், வருத்தம், மருந்தின்ரை மூலப்பெயர், மில்லிகிராம், எத்தினை வேளை, எந்த மருந்து ஒத்துவராது, கிளினிக் இலக்கம், அடுத்த கிளினிக் திகதி, வீட்டுப் போன். மருந்தின்ரை பெயரை இங்கிலிஸ் பெரிய எழுத்திலை எழுதுங்கோ. ஆளை அனுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ மாத்தினாலும் அங்கை இருக்கிற டொக்டருக்கு அது விளங்கும்.

இன்னொண்டு, ஒருத்தரும் எழுதாதது: கடைசியா மருந்து போட்ட நாளும் நேரமும். டொக்டருக்கு முதல் தேவைப்படுறது அதுதான்.

பெரியாஸ்பத்திரியிலை தாற குளிசை சின்னக் கடுதாசி உறையிலைதானே வரும். மேலை பேனையாலை "காலை 1, இரவு 1" எண்டு இருக்கும், ஈரம் பட்டா அதுவும் அழிஞ்சிடும். அந்த உறையை அப்பிடியே கொண்டுபோனா உள்ளை எடுக்க மாட்டினம். அவையைக் குறை சொல்லேலாது. வெள்ளைக் குளிசை ஒண்டைப் பாத்து அது வலிப்புக் குளிசையோ, போதைக்கு விக்கிற குளிசையோ எண்டு ஆர் சொல்லுறது? பெயரும் காலாவதித் திகதியும் தெரியிற மாதிரி அட்டையோடை இருந்தா வேலை சுகம். அட்டை இல்லாட்டி, உறையோடை அதே மருந்து எழுதியிருக்கிற கொப்பிப் பக்கத்தின்ரை பிரதியைச் சேர்த்துக் குத்துங்கோ. அட்டையை வெட்டித் துண்டாக்காதேங்கோ, பெயர் இருக்கிற பக்கம் போயிடும்.

பார்க்கப் போற நேரம் ஆளின்ரை கையிலை குளிசை குடுக்க வெளிக்கிட வேண்டாம். அது பெரிய பிரச்சினையா முடியும். மறியல் அத்தியட்சகருக்கு ஒரு கடிதம், மருத்துவ அதிகாரியின்ரை கவனத்துக்கு எண்டு போட்டு, மருந்தையும் பிரதியையும் இணைச்சுக் குடுங்கோ. நலன்புரி உத்தியோகத்தரைக் கேட்டா ஆரிட்டைக் குடுக்கிறது எண்டு சொல்லுவினம். குடுத்த திகதியையும் வாங்கினவரின்ரை பதவியையும் உங்கடை பிரதியிலை எழுதி வையுங்கோ.

இனி எது பொறுக்கும், எது பொறுக்காது எண்ட கணக்கு. கொலஸ்ரோல் குளிசை, விற்றமின் ஒரு நாள் பிந்தினா ஒண்டும் நடக்காது. பொறுக்காதது இவை:

இன்சுலின். சின்ன வயசிலையிருந்து இன்சுலினிலை இருக்கிறவருக்கு ஒரு நாள்கூட விடேலாது. வாந்தியும் வயித்துக்குத்தும் வேகமான மூச்சும் வந்தா அது ஆஸ்பத்திரிக் கேஸ்.

வலிப்புக் குளிசை. திடீரெண்டு நிப்பாட்டினா நிக்காத வலிப்பு வரலாம். 5 நிமிசத்துக்கு மேலை வலிப்பு நிக்காட்டி உடனை ஆஸ்பத்திரி.

பிரெட்னிசொலோன். 3 கிழமைக்கு மேலை குடிச்சவருக்கு உடம்பு தன்ரை ஸ்ரீரொயிட்டைச் சுரக்கிறதைக் குறைச்சிருக்கும். சடாரெண்டு நிப்பாட்டினா பிரஷர் விழுந்து மயங்குவினம்.

குளோசபின், அது மனநோய்க்குக் குடுக்கிற குளிசை. 48 மணித்தியாலத்துக்கு மேலை விட்டிருந்தா பழைய அளவைத் திரும்பக் குடுக்கக்கூடாது, 12.5 மில்லிகிராமிலையிருந்து திரும்ப ஏத்த வேணும். அக்கறையாப் பழைய 300 ஐக் குடுத்தா இரத்த அழுத்தம் விழும், இதயத்துக்கும் ஆபத்து. கடைசி நேரம் எழுதச் சொல்லி நான் அடிச்சுச் சொல்லுறது இதுக்காகவும்தான்.

ஆஸ்துமா இன்ஹேலரும், நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழை வைக்கிற குளிசையும் ஆளின்ரை கையிலேயே இருக்க வேணும். இரவு பூட்டினாப்பிறகு கதவு திறக்கும் மட்டும் நெஞ்சு காத்திருக்காது. "நோயாளியுடன் வைத்திருக்க வேண்டும்" எண்டு டொக்டரைக் கொண்டு எழுதுவியுங்கோ. நாக்குக்குக் கீழை வைக்கிற குளிசையை அதின்ரை கண்ணாடிப் போத்திலிலையிருந்து மாத்தக்கூடாது, வலு போயிடும்.

மாதாந்த ஊசிக்காரரின்ரை பிரச்சினை வேறை. கையிலை குளிசை இல்லாததாலை அவை மருந்திலை இருக்கினம் எண்டே ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த ஊசித் திகதியைத் தாளின்ரை மேல் மூலையிலை பெரிசா எழுதுங்கோ. வாதக்காய்ச்சலுக்குப் பெனிசிலின் ஊசி போடுறவருக்கும் இதே.

---

தவணைக்காரன் எழுதியது:

அக்கா மருத்துவப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நீதிமன்றப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

சாதாரண வழக்கில் கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் தவிர 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அப்படிச் சொல்கிறது. அந்த முதல் ஆஜர்தான் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வாய்ப்பு. சட்டத்தரணி எழுந்து பிணை கேட்பதோடு நின்றுவிடாமல், "சந்தேகநபருக்கு இன்ன நோய், இன்ன மருந்து, தகுந்த சிகிச்சை வழங்கும்படி சிறைச்சாலை அத்தியட்சகருக்குப் பணிப்புரை வழங்குக" என்று கேட்டு, அது வழக்கேட்டில் பதியப்பட வேண்டும். கிளினிக் கொப்பிப் பிரதியை அங்கேயே கையளிக்கலாம். வாயால் சொன்னது அடுத்த தவணைக்குள் மறந்துபோகும், வழக்கேட்டில் ஏறியதை யாரும் மறுக்க முடியாது. சிறை மருத்துவ அதிகாரிக்கும் அந்தப் பணிப்புரை கைகொடுக்கும். நோயாளியை வெளி வைத்தியசாலைக்கு அனுப்ப அவர் கேட்கும்போது அது பக்கபலமாக நிற்கும்.

சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம். போகும்போது மருத்துவத் தாளையும் கொண்டுபோங்கள். பலர் குற்றச்சாட்டை மட்டும் விளக்கிவிட்டு நோயைச் சொல்லாமல் வந்துவிடுகிறார்கள்.

அடிக்கடி நடக்கிற தவறு: கிளினிக் திகதியும் வழக்குத் தவணையும் ஒரே நாளில் விழுவது. சிறையிலிருந்து ஆளை ஒரு இடத்துக்குத்தான் கொண்டுபோவார்கள், அது நீதிமன்றமாகத்தான் இருக்கும். விளக்கமறியலை வழக்கமாக 14 நாளுக்கு ஒருமுறை நீடிப்பதால் அடுத்த தவணை எப்போது வரும் என்று கணக்கிடலாம். மோதினால் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை) போட்டுத் தவணையை மாற்றலாம், அல்லது கிளினிக்கில் திகதி மாற்றி வாங்கலாம். இரண்டாவது சுலபம். குடும்பத்தவர் கொப்பியோடு போனாலே முடியும்.

காயம் இருந்தால் அது தனி விடயம். தாக்கப்பட்டதாகச் சந்தேகநபர் சொன்னால், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி நீதவானிடம் அன்றைக்கே கேட்க வேண்டும். கண்டல் காயம் சில நாளில் நிறம் மாறி மறையும், இரண்டாம் தவணையில் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. சித்திரவதைக்கு எதிரான 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் அந்த மருத்துவ அறிக்கைதான் அத்திவாரம். பரிசோதிக்கும்போது உத்தியோகத்தர் காதுக்கெட்டாத தூரத்தில் நிற்க வேண்டுமென்று கேட்கலாம்.

சிகிச்சை மறுக்கப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு, அவசரத்துக்கு 1996. தடுத்துவைக்கும் இடங்களைச் சென்று பார்வையிட அந்த ஆணைக்குழுவுக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது என்றால் மேலே சொன்ன 24 மணித்தியாலக் கணக்கு பொருந்தாது, அந்தக் கைதை 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவித்தாக வேண்டும். ஆகவே அப்படியான கைதில் குடும்பம் முதலில் அழைக்க வேண்டிய இடமும் அதுவே.

கடிதம் எழுதும்போது நெல்சன் மண்டேலா விதிகளைச் சுட்டுங்கள். ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்டவை. 24 ஆம் விதி: வெளியில் கிடைக்கும் அதே தரச் சிகிச்சை, இலவசமாக. 26 ஆம் விதி: சிறை மாறினால் மருத்துவக் கோவையும் கூடப் போக வேண்டும். 27 ஆம் விதி: மருத்துவ முடிவைச் சிறை உத்தியோகத்தர் மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது. உணர்ச்சியாக இரண்டு பக்கம் எழுதுவதை விட, திகதி, மருந்து, தவறிய நாட்கள், விதி இலக்கம் என்று அரைப் பக்கம் எழுதினால் வேலை நடக்கும்.

---

வாசிகசாலைப்பொறுப்பு எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு கேள்வி. ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர், அல்லது ஹெரோயின், ஐஸ் (மெத்தம்பெற்றமின் போதைப்பொருள்) பாவிக்கிறவர் பிடிபட்டா முதல் நாட்களிலை என்ன ஆபத்து? "ரெண்டு நாள் கிடந்தாத் தெளியும்" எண்டு வீட்டாக்களே சொல்லுகினம். மற்றது, பாத்துப்போட்டு வாற ஆக்கள் சொறி தொத்துது எண்டு பயப்பிடுகினம்.

---

கல்லுண்டாய்வெளி எழுதியது:

"கிடந்தாத் தெளியும்" என்ற பேச்சைத் துண்டில் கட்டாயம் மறுத்து எழுதுங்கள். மூன்றிலும் குடிதான் உடனடியாக உயிரை எடுக்கக்கூடியது. சாராயமோ கசிப்போ, வித்தியாசமில்லை.

கடைசியாகக் குடித்ததிலிருந்து கணக்கு. 6 மணித்தியாலம் போனதும் கை நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை. 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம், இதற்கு முன் வலிப்பே வராதவருக்கும் வரும். 48 முதல் 96 மணித்தியாலம் வரை சித்தப்பிரமை: இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், சுவரோடு பேசுவார், இடமும் நாளும் தெரியாது, காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் இருக்கும். கைதான மூன்றாம் நாள் என்றால் ஆள் பெரும்பாலும் மறியலுக்குள் வந்திருப்பார். அங்கே அதைக் குழப்படி என்றோ நடிப்பு என்றோ எடுத்துக்கொண்டால் ஆள் அடிவாங்குவார், அல்லது தனியே அடைக்கப்படுவார். இரண்டுமே சாவுக்குக் கிட்டக் கொண்டுபோகும். இது வைத்தியசாலையில் டயசெபாம் வகை மருந்தும் தயமினும் கொடுத்துப் பார்க்க வேண்டிய நிலை. தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

அதனால் வீட்டார் வெட்கப்படாமல் மூன்று விடயம் சொல்ல வேண்டும்: ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. "எங்கடை பிள்ளை குடிக்கிறேல்லை" என்று பொலிஸில் சொன்னது வழக்குக்கு ஒரு பிரயோசனமும் தராது, சிகிச்சையை மட்டும் தடுக்கும்.

ஹெரோயின் விட்ட வருத்தம் 8 முதல் 24 மணித்தியாலத்தில் தொடங்கி, 2 ஆம் 3 ஆம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமை பத்து நாளில் அடங்கும். கொட்டாவி, மூக்கோட்டம், கைகால் உளைவு, வாந்தி, வயிற்றோட்டம். தாங்க முடியாத வேதனை, ஆனால் அதுவே சாகடிப்பது அரிது. சாகடிப்பது நீர் வற்றுவது. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்) ஒரு பக்கெற்றை 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து அடிக்கடி சின்ன மிடறாகக் கொடுக்க வேண்டும். பாதி லீற்றரில் கரைத்தால் உப்புக் கூடித் தீமை செய்யும்.

ஐஸ் விட்டவர் முதல் நாட்களில் நித்திரையாகவே கிடப்பார், பார்க்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். நித்திரை தெளிந்த பிறகு வரும் மனச்சோர்வுதான் ஆபத்து. தற்கொலை எண்ணம் வருவதும் அப்போதுதான்.

தற்கொலை பற்றியும் துண்டில் நேரடியாக எழுதுங்கள். மறியலின் முதல் நாட்கள், பிணை மறுத்த அன்று, தீர்ப்பு நாள், மனைவி வருவதை நிறுத்திய கிழமை: இவை கவனிக்க வேண்டிய நேரங்கள். "சாக வேணும் போல இருக்கோ?" என்று கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டால்தான் ஆள் வாய் திறப்பார். ஆம் என்றால், பார்வை நேரம் முடிந்து வெளியேறும்போதே நலன்புரி உத்தியோகத்தரிடமோ பிரதான ஜெயிலரிடமோ சொல்லி, தனியே அடைக்க வேண்டாம், மனநல வைத்தியரிடம் காட்டுங்கள் என்று எழுத்திலும் கொடுங்கள். பார்வை நேரம் சில நிமிடம்தான். அதில் பாதியை அழுகையிலும் ஏச்சிலும் விடாமல், அடுத்தமுறை எப்போது வருவேன் என்று நாளைச் சொல்லிவிட்டு எழும்புங்கள். உள்ளே இருப்பவர் அந்த நாளைப் பிடித்துக்கொண்டுதான் கிழமையை ஓட்டுவார். வீட்டில் இருப்பவர்களுக்கே தாங்க முடியாவிட்டால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம். போதைப் பழக்கத்துக்கு 1927.

---

பனையடி எழுதியது:

சொறி பற்றி. பார்க்கப்போய்க் கம்பிக்கு அங்காலை நிண்டு கதைச்சா தொத்தாது. தோலோடை தோல் கொஞ்ச நேரம் பட வேணும், இல்லாட்டி ஒரே பாயிலை படுக்க வேணும். நெருக்கமான கூட்டிலை ஒருத்தருக்கு வந்தா எல்லாருக்கும் பரவுறது அதாலைதான்.

வீட்டிலை கவனிக்க வேண்டியது ரெண்டு நேரம். ஒண்டு, வீட்டிலையிருந்து உடுப்புக் குடுத்து அழுக்கு உடுப்பை வாங்கிற நேரம். வாங்கின உடுப்பைப் பொலித்தீன் பையிலை இறுக்கிக் கட்டி 3 நாள் விடுங்கோ, சொறியை உண்டாக்கிற பூச்சி பட்டினியிலை செத்துடும். அல்லது சுடுதண்ணியிலை தோய்ச்சு வெயிலிலை போடுங்கோ. மற்றது ஆள் வீட்டுக்கு வாற நாள்.

மருந்து பூசுறதிலைதான் எல்லாரும் பிழை விடுறது. கடிக்கிற (அரிக்கிற) இடத்திலை மட்டும் பூசுறது பிரயோசனமில்லை. கழுத்துக்குக் கீழை உள்ளங்கால் வரைக்கும், விரலிடுக்கு, நகத்தடி, தொப்புள், கமக்கட்டு, மறைவிடம் எல்லாம் பூச வேணும். பெர்மெத்திரின் 5 வீதம் எண்டா ஒரு வளர்ந்த ஆளுக்கு 30 கிராம் அளவு தேவை, இரவு பூசி 8 முதல் 12 மணித்தியாலம் விட்டுக் கழுவி, 7 நாளாலை திரும்பப் பூச வேணும். ஒரு ரியூப்பை மூண்டு பேர் பங்குபோட்டா மூண்டு பேருக்கும் மாறாது. பென்சைல் பென்சொவேற் எண்டா 24 மணித்தியாலம் விட வேணும், எரியும், சின்னப் பிள்ளையளுக்கு டொக்டரைக் கேளாமல் பூசாதேங்கோ. இடையிலை கை கழுவினாக் கைக்குத் திரும்பப் பூசுங்கோ. வீட்டிலை இருக்கிற அத்தினை பேரும் ஒரே இரவு பூச வேணும், கடி இல்லாதவையும். முதல்தரம் தொத்தினவருக்குக் கடி தொடங்க 4 முதல் 6 கிழமை செல்லும், அதுக்குள்ளை அவர் மற்றவைக்குக் குடுத்திடுவார்.

பூசினாப்பிறகும் 2 முதல் 4 கிழமை கடிக்கும். அது செத்த பூச்சிக்கு உடம்பு காட்டுற எதிர்ப்பு. மருந்து வேலை செய்யேல்லை எண்டு ஒவ்வொரு நாளும் பூசினாத் தோல் வெந்திடும். சீழ் வைச்ச புண்ணைச் சும்மா விடாதேங்கோ, முகம் வீங்கிச் சலம் தேத்தண்ணி நிறத்திலை போனாச் சிறுநீரகம் பாதிச்சிருக்கலாம்.

காசநோய்க்கு ஒரு வரி: 2 கிழமைக்கு மேலை இருமல், மெலிவு, பின்னேரக் காய்ச்சல் இருந்தாச் சளிப் பரிசோதனை கேளுங்கோ.

---

குளிசைக்கணக்கு எழுதியது:

பனையடி அண்ணை காசநோயைத் தொட்டதாலை கடைசிக் கைமாற்றத்துக்கு வாறன், வெளியிலை வாற நாள். மற்ற மூண்டையும் விட இதிலைதான் கூடப் பேர் விழுகினம்.

பிணை கிடைச்சா ஆள் கோட்டாலை வந்து கையெழுத்து முடிய அப்பிடியே வீட்டை வந்திடுவார். மருந்து உள்ளை நிண்டுடும். காசநோய் மருந்து 6 மாதக் கணக்கு: முதல் 2 மாதம் நாலு மருந்து, பிறகு 4 மாதம் ரெண்டு மருந்து. இடையிலை விட்டா மருந்துக்கு மசியாத கிருமி வளரும். பிணை மனுப் போடுற நாளிலேயே மருத்துவ அதிகாரியிட்டை எத்தினையாவது மாதம் எண்டு எழுதி வாங்கி, ஆள் வந்த அடுத்த நாளே மார்புநோய்க் கிளினிக்கிலை பதியுங்கோ.

ஹெரோயின் பாவிச்சவருக்கு வெளியிலை வந்த முதல் 2 கிழமை மிக ஆபத்து. உடம்பு பழைய அளவை மறந்திருக்கும், பழைய அளவைப் போட்டா மூச்சு நிக்கும். குறட்டை மாதிரிச் சத்தம், நீலம் பாரிச்ச உதடு, எழுப்ப எழும்பாமை கண்டா 1990 க்கு அடியுங்கோ, மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்கோ, தனிய விட்டிட்டு ஓடாதேங்கோ. என்ன போட்டவர் எண்டு அம்புலன்ஸ்காரரிட்டை உண்மையைச் சொல்லுங்கோ.

முதல் பதிவிலை விட்ட ஒண்டு, இன்சுலின்காரருக்கு. மறியலிலை இரவுச் சாப்பாடு பின்னேரமே வந்திடும், பிறகு காலைமட்டும் ஒண்டுமில்லை. பின்னேர ஊசியிலை நீண்ட நேரம் வேலை செய்யிற பங்கு நடுச்சாமத்திலை வேலை செய்யேக்கை வயித்திலை ஒண்டும் இராது, சீனி விழும். வியர்வை, நடுக்கம், பிதற்றல் வந்தா 3 தேக்கரண்டி சீனி தண்ணியிலை, 15 நிமிசத்திலை மாறாட்டித் திரும்ப. மயங்கினவருக்கு வாயாலை ஒண்டும் குடுக்கக்கூடாது. சாப்பாட்டு நேரத்தைக் கடிதத்திலை எழுதிக் கிளினிக் டொக்டரிட்டைக் காட்டினா ஊசி அளவை மாத்தித் தருவார், படுக்க முதல் பிஸ்கற் வைச்சிருக்க அனுமதியும் கேட்கலாம். அளவை வீட்டாக்கள் தாங்களே குறைக்க வேண்டாம். திறந்த இன்சுலின் போத்தில் 28 நாளைக்கு மேலை வேண்டாம், திறந்த திகதியைப் போத்திலிலையே எழுதி அனுப்புங்கோ.